‘மாமியார் வர்றாங்க’ என்றொரு நிறம்

அவர் சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையில் ‘சுசானா’ என்று இருந்தது. அது அவர் பெயர் இல்லை. அவருக்கு முன்பு அந்தக் கவுண்டரில் நின்ற மலாய்ப் பெண்ணின் பெயர். அந்தப் பெண் கல்யாணமாகி மெர்சிங் பக்கம் போனபோது அட்டையை மேசை இழுப்பறையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். கோலாலம்பூர் தலைமை அலுவலகத்திலிருந்து புது அட்டை வரும்வரை இதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். இவரும் போட்டுக்கொண்டார். புது அட்டை வரவேயில்லை. நெற்றியில் பொட்டு, காதில் ஜிமிக்கி, சட்டையில் சுசானா. பார்க்கிறவர்கள் குழம்பிக் கேட்கத்தான் செய்வார்கள்.

“அக்கா, உங்க பேரு நெசமாவே சுசானாவா?”

“போர்டுல போட்டிருக்கிறத எல்லாம் நம்பிடுவியா நீ?”

அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. எதையும் தேதி போட்டு எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அன்றன்று பெய்த மழைகூட என்னிடம் இருக்கிறது. அவர் பெயர் மட்டும் இல்லை.

ஜொகூர் பாருவில் ஒரு பழைய பேரங்காடியின் தரைத்தளம் அது. நான் வேலை செய்த மூக்குக்கண்ணாடிக் கடையும் அவருடைய ஒப்பனைப் பொருள் கவுண்டரும் எதிரெதிரே இருந்தன. நடுவில் ஒரு நடைபாதை மட்டும்தான். அவர் பேசுவது எல்லாம் என் கடைக்குக் கேட்கும். என்னை அவர் கூப்பிட்டது ‘கண்ணாடி’ என்று. வாசல் காவலுக்கு நின்ற நேப்பாளத்துக்காரரை ‘இமயம்’ என்பார். அந்த மனிதர் என் தோள் உயரம்தான் இருப்பார். ஆனால் அந்தப் பெயர் வந்த பிறகு கொஞ்சம் நிமிர்ந்து நிற்க ஆரம்பித்தார்.

எந்தப் பொருளுக்கும் அச்சடித்து வருகிற பெயரை அவர் ஏற்றுக்கொண்டதே இல்லை. அதைத் திறந்து, மணிக்கட்டில் ஒரு கோடு இழுத்து, வெயிலில் காட்டிப் பார்த்த பிறகு அவரே ஒரு பெயர் வைப்பார். ஒருமுறை ‘பாரிஸ் அந்தி’ என்று ஆங்கிலத்தில் எழுதிய உதட்டுச்சாயம் வந்தது.

“பாரிஸ்ல சாயங்காலம் எப்படி இருக்கும்னு எனக்கு எப்படி லா தெரியும்? நம்ம மாசாய் டவுன்ல எப்படி இருக்கும்னு கேளு, சொல்றேன். தூசி, மோட்டார் சைக்கிள் பொகை, கறிப்பாப்பு பொரிக்கிற வாசம்.” கோட்டை இன்னொரு முறை பார்த்தார். “இது மாசக் கடைசி.”

அது மங்கலான பழுப்பு. எந்தத் துணிக்கும் ஒத்துப்போகும், யார் கண்ணையும் உறுத்தாது, கையில் ஒன்றும் இல்லாத நாட்களை ஒப்பேற்றிவிடும். பெயரைக் கேட்டதும் நிறம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது எனக்கு. அதற்கு எதிர்ப்பக்கம் ‘சம்பள நாள்’. நல்ல சிவப்பு, எட்ட நின்று பார்த்தாலே தெரியும். தென்னை வெல்லத்தின் நிறத்தில் ஒன்று ‘கூலா மலாக்கா’. போட்டால் உணவு வேளை தாண்டியும் அழியாத ஒன்று இருந்தது. தினமும் சிங்கப்பூர் வேலைக்குப் பாலம் தாண்டும் பெண்கள் அதைத்தான் தேடி வருவார்கள். அதற்கு அவர் வைத்த பெயர் ‘பாலத்து ஜாம்’.

“எவ்ளோ நேரம் ஆனாலும் நகராது, தங்கச்சி. நம்பி வாங்கு.”

‘மாமியார் வர்றாங்க’ என் நிறம். போட்டிருப்பது போடாத மாதிரி இருக்கும்; ஆனால் போடாமல் விட்டால் வித்தியாசம் தெரியும். எனக்கு மாமியார் கிடையாது. கல்யாணமே ஆகவில்லை. அதைச் சொன்னபோது, “அதனால என்னா? திடீர்னு யாராச்சும் வந்துட்டா?” என்றார்.

கடை விளக்கை அவர் நம்பமாட்டார். “இந்த லைட்டு எல்லாரையும் வெள்ளையாக்கும் கண்ணாடி. வீட்டுக்குப் போனதும் திருப்பி வாங்கிக்கும்” என்பார். உதட்டில் சாயம் போட்டுவிட்டதும் வாடிக்கையாளரின் முழங்கையைப் பிடித்து, ஒரு கைக்கண்ணாடியும் எடுத்துக்கொண்டு, வாசலுக்கு வெளியே டாக்சிகள் நிற்கும் இடத்துக்குக் கூட்டிப் போய்விடுவார். காசு கொடுக்காத பொருள் கடையைத் தாண்டக் கூடாது என்று விதி. இமயம் முதலில் தடுத்துப் பார்த்தார், பிறகு கதவைத் திறந்து பிடிக்கத் தொடங்கினார். அங்கே வரிசையில் காத்திருக்கும் ஒரு சீன டாக்சிக்காரக் கிழவர் நாளிதழைத் தாழ்த்தி ஒரு பார்வை பார்ப்பார். பிடித்திருந்தால் தலை ஆடும். பிடிக்காவிட்டால் நாளிதழ் மேலே போய்விடும். எத்தனையோ பேர் அந்தத் தலையாட்டலை நம்பி வாங்கிப் போயிருக்கிறார்கள்.

அந்த வருடம் வியாபாரம் மந்தம். பெண்கள் கவுண்டரில் போட்டுப் பார்த்துவிட்டு, கைப்பேசியில் மலிவாக வாங்கிக்கொள்ளப் பழகியிருந்தார்கள். அவருடைய நிறுவனத்திலிருந்து மேற்பார்வைக்கு வரும் சீனப் பெண்மணியை நாங்கள் எல்லாரும் மேடம் என்போம். கண்டிப்பானவர், கெட்டவர் அல்ல. அவர் வந்து இரண்டு விஷயம் சொல்லிவிட்டுப் போனார். தீபாவளிக்கென்று புதுத் தொகுப்பு வருகிறது. அது விற்றுத் தீராவிட்டால் கவுண்டரை எடுத்துவிடுவார்கள், இவருக்கு பாசிர் கூடாங் கிடங்கில் வேலை. இரண்டாவது, நிறங்களை இனி அச்சடித்த பெயரால் மட்டுமே சொல்ல வேண்டும். யாரோ ஒரு வாடிக்கையாளர் கோலாலம்பூரில் போய் ‘பாலத்து ஜாம்’ கேட்டிருக்கிறார். அங்கே இருந்தவர்கள் ரொட்டிக்குத் தடவும் ஜாம் என்று நினைத்து உணவுப் பகுதிக்கு அனுப்பிவிட்டார்கள்.

அன்று மதியம் சாப்பிடும்போது அவர் சோற்றைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

“கெடங்குல என்னா இருக்கும் தெரியுமா கண்ணாடி? பெட்டி. நாள் முழுக்கப் பெட்டி. பெட்டிக்கு மூஞ்சி இருக்கா? நான் யாருக்குப் பேர் வெப்பேன்?”

சம்பளம் குறையாதே என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். அதன் பிறகு நான் அந்த வழியில் ஆறுதல் சொல்லவில்லை.

தொகுப்பு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. ஆறு உதட்டுச்சாயங்கள், அழகான தங்கநிற உறைகள், கூடவே சுருட்டிய ஒரு பெரிய பதாகை. அந்த நேரம் அவர் வெளியே வாழைப்பழப் பொரியல் வாங்கப் போயிருந்தார். பக்கத்து வாசனைத் திரவியக் கவுண்டரில் நின்ற அய்னி, உதவி செய்யும் எண்ணத்தில் ஏணி போட்டு ஏறிப் பதாகையை மாட்டிவிட்டாள். அவர் திரும்பி வந்ததும், “காக் சூ, பாருங்க, தமிழும் இருக்கு!” என்று மலாயில் உற்சாகமாகக் கூவினாள். காக் என்றால் அக்கா; சூ, சுசானாவின் சுருக்கம்.

அவர் பொரியல் பொட்டலத்தோடு நடைபாதையில் அப்படியே நின்றார். பிறகு மெல்லத் திரும்பி என்னிடம் கேட்டார்.

“கண்ணாடி, எனக்குக் கண்ணு சரியில்லையா, இல்ல அங்க அப்படித்தான் எழுதியிருக்கா?”

நான் வெளியே வந்து பார்த்தேன். அவர் கண் நன்றாகவே இருந்தது. ஆங்கிலத்தில் அந்தத் தொகுப்பின் பெயர் ‘ஃபெஸ்டிவ் நியூட்’. அந்தத் தொழிலில் ‘நியூட்’ என்றால் தோலோடு ஒன்றிப்போகும் நிறம் என்று அர்த்தம். அதைத் தமிழாக்கியவருக்கோ இயந்திரத்துக்கோ அந்த அர்த்தம் தெரிந்திருக்கவில்லை. மயில், அகல்விளக்கு, கோலம், அவற்றுக்கு நடுவே கொட்டை எழுத்தில் ‘தீபாவளி நிர்வாணம்’. கீழே சிறிய எழுத்தில் ‘குடும்பத்தோடு கொண்டாடுங்கள்’.

அவர் ஏணிக்கருகே போய் அய்னியிடம் மலாயில் ஒரே ஒரு சொல் சொன்னார். “பொகெல்.” அம்மணம் என்பதற்கு மலாய்ச் சொல் அது. அய்னி “அலமாக்!” என்று அலறியதில் ஏணி ஆடியது. இமயம் ஓடி வந்து பிடித்துக்கொண்டார்.

கோலாலம்பூருக்குத் தொலைபேசியில் சொன்னார். மேடத்துக்குப் புரியவில்லை. நியூட் என்பது நிறம்தானே, அதில் என்ன தப்பு, மொழிபெயர்ப்பு சரிபார்த்துத்தான் வந்திருக்கிறது, அனுமதி இல்லாமல் கழற்றக் கூடாது, திங்கட்கிழமை பேசலாம் என்றார். ஆக, தீபாவளிக் கூட்டம் அலைமோதும் வார இறுதி முழுவதும் அது எங்கள் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

முதலில் ஒரு குடும்பம் வந்தது. கணவர் எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார். மனைவி கையிலிருந்த துணிப்பைகளைக் கீழே வைத்தார்.

“தீபாவளிக்குப் புதுத்துணி எடுக்க வந்தோம். இங்க என்னடான்னா துணியே வேணாங்கிறான்!”

“நல்லதுதான் லா. செலவு மிச்சம்” என்றார் கணவர். துணிப்பை ஒன்று அவர் முதுகில் விழுந்தது.

வெள்ளைச் சட்டையில் பேனா செருகிய ஒரு பெரியவர் வந்தார். கோபத்தில் அவருக்குக் குரல் நடுங்கியது. “யாரும்மா இதுக்குப் பொறுப்பு? நிர்வாணம்னா என்னன்னாவது தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும் ஐயா. தெனமும் குளிக்கிறேன்.”

பெரியவர் பின்னால் நின்ற அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பெரியவர் சிரிக்காமல் இருக்க எடுத்துக்கொண்ட முயற்சியில் அவர் கோபம் தொலைந்துபோயிற்று. “மேலிடத்துக்கு எழுதிப் போடும்மா, எடுக்கச் சொல்லு” என்று தணிந்த குரலில் சொன்னார். அந்த அம்மா ஒரு கூலா மலாக்கா வாங்கிக்கொண்டார்.

மாலைக்குள் படம் வாட்சாப்பில் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை குளுவாங்கிலிருந்தும் பெக்கான் நானாஸிலிருந்தும் இதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் பதாகைக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், சிரித்தார்கள், போய்விட்டார்கள். சில பெண்கள் மட்டும் கவுண்டரில் சாய்ந்து, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்கள்: “அக்கா, அந்த... அது இருக்கா?”

“எது?”

“அதான் லா, மேல எழுதியிருக்கே.”

“வாயால சொல்லு, தர்றேன்.”

யாரும் சொல்லவில்லை. பெயர் சொல்லிக் கேட்க முடியாத பொருளை எப்படி விற்பது? கூட்டம் இருந்தது, விற்பனை இல்லை. கிடங்கு நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று கூட்டம் சற்று ஓய்ந்த நேரத்தில் அவர் ஆறு சாயத்தையும் திறந்து, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஆறு கோடு இழுத்துக்கொண்டு வெளியே வெயிலுக்குப் போனார். திரும்பி வந்தபோது முகம் சரியாக இல்லை.

“நாலு தேறும். ஒன்னு பரவாயில்ல. கடைசி ஒன்னு, நம்ம ஒதட்டுல சாம்பல் பூத்த மாதிரி இருக்கு.”

“கேக்கிறவங்களுக்குக் குடுத்துடுங்கக்கா. உங்க வேலை போகப்போகுது” என்றேன்.

“தீபாவளி போட்டோ சுவத்துல தொங்கும் கண்ணாடி. பத்து வருசம் தொங்கும். அதுல அந்தப் பொண்ணு காய்ச்சல்காரி மாதிரி நின்னுக்கிட்டிருப்பா. வீட்டுக்கு வர்றவன் எல்லாம் கேப்பான், அன்னிக்கு ஒனக்கு ஒடம்பு சரியில்லையான்னு. அவ என்னத் திட்டுவா. பத்து வருசம் திட்டு வாங்க என்னால முடியாது.”

பிறகு கோடுகளைத் துடைக்காமலேயே நின்று கொஞ்ச நேரம் யோசித்தார். கடைசிக் கோட்டைத் தொட்டு, “காய்ச்சல் விட்ட நாள்” என்றார். பெயர் வைத்துவிட்டார். மேடம் சொன்ன விதி அந்த நொடியில் உடைந்தது. மற்ற ஐந்துக்கும் அன்றே பெயர் வந்துவிட்டது. இரண்டு பழைய பெயர்களே மறுபடி வந்தன. புதுத் தொகுப்பின் பழுப்பு, பழைய மாசக் கடைசியைவிடப் பொருத்தமான மாசக் கடைசி என்றார். ‘மாமியார் வர்றாங்க’ பட்டமும் புதியதற்கு மாறியது. மீதி மூன்றுக்கு ‘மொத பலகாரம்’, ‘பொண்ணு பாக்க வந்தாங்க’, ‘அக்கா பொடவை’.

இப்போது கேட்பதற்கு வாயில் ஒரு பெயர் இருந்தது. பதாகையைப் பார்த்துச் சிரிக்க வந்தவர்கள் பெயர்களைக் கேட்டுச் சிரித்தார்கள், அப்புறம் கையை நீட்டினார்கள், அப்புறம் வெயிலுக்கு நடந்தார்கள். டாக்சிக் கிழவருக்கு நாளிதழ் படிக்க நேரமே கிடைக்கவில்லை. திங்கட்கிழமை பதாகை கழன்றது. கூட்டம் கழலவில்லை.

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் மேடம் வந்து நின்றார். அதே நேரம் தொழிற்சாலைச் சீருடையில் இரண்டு பெண்கள் கவுண்டரில் முட்டிக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா, எனக்கு ரெண்டு மாமியார், ஒரு பொடவை!”

“ரெண்டு மாமியார வெச்சிக்கிட்டு என்னாடி பண்ணுவ?”

“ஒன்னு எங்க அண்ணிக்கு லா. ஒனக்கு?”

“எனக்கு மாமியாரே வேணாம். மாசக் கடைசி குடுங்கக்கா.”

மேடத்துக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பெட்டியில் உள்ள எந்தப் பெயரும் காதில் விழவில்லை என்பது தெரிந்திருக்கும். பெண்கள் போனதும், என்ன கேட்டார்கள் என்று மலாயில் விசாரித்தார். இவர் ஒளிக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, ஒவ்வொன்றின் பெயரையும் மலாயில் சொன்னார். நான் ஒரு வாடிக்கையாளரின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்ததையே மறுபடி துடைத்தேன்.

மேடம் அடுக்கைப் பார்த்தார். ஐந்து இடங்கள் காலியாகவும் அரைகுறையாகவும் இருந்தன. ஒன்று மட்டும் வந்த நாளில் இருந்த மாதிரியே நிரம்பியிருந்தது. மேடம் அதில் ஒன்றை எடுத்து, “இது ஏன் போகவில்லை? இதற்கு என்ன பெயர் வைத்தாய்?” என்று கேட்டார்.

அய்னி தலையைக் குனிந்துகொண்டாள். மேடத்தின் உதட்டில் இருந்தது அதே சாயம். எங்கள் எல்லாருக்கும் அது தெரிந்தது. ஏதாவது ஒரு நல்ல பெயரை அப்போதே உண்டாக்கிச் சொல்லிவிடலாம். அவருக்கு அது பெரிய காரியமில்லை, அரை நொடி போதும்.

“டெமாம் கெபா” என்றார் அவர். காய்ச்சல் விட்டது என்று மலாயில்.

“நான் போட்டிருப்பது இதைத்தான்.”

“தெரியும் மேடம்.”

பிறகு அவர் கைக்கண்ணாடியை எடுத்தார். எல்லாரிடமும் செய்வதைத்தான் செய்தார். மேடத்தின் முழங்கையைப் பிடித்தார். மேடம் அதை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது, கூடவே நடந்துவிட்டார். இமயம் கதவைத் திறந்து, முடிந்தவரை நிமிர்ந்து நின்றார். நான் கடையை விட்டு வாசல்வரை போனேன். போகாமல் இருக்க முடியவில்லை.

வெளியே நல்ல வெயில். மேடம் கைக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டு நின்றார். டாக்சிக் கிழவர் வழக்கம்போல நாளிதழைத் தாழ்த்தினார். இந்த முறை தலையும் ஆடவில்லை, நாளிதழும் உயரவில்லை. கிழவர் கார் கதவைத் திறந்துகொண்டு இறங்கி வந்து, உண்மையான அக்கறையோடு கேட்டார்.

“நோனா, உடம்பு சரியில்லையா? கிளினிக்குக்குப் போகணுமா?”

அய்னி சிரிப்பை அடக்க முடியாமல் என் தோளில் முகத்தைப் புதைத்தாள். மேடம் சிரிக்கவில்லை. கிழவருக்கு நன்றி சொன்னார். உள்ளே வந்தார். காகிதக் கைக்குட்டை ஒன்றை உருவி, அவசரமே இல்லாமல் உதட்டைத் துடைத்தார். பிறகு கவுண்டரின் வாடிக்கையாளர் பக்கத்தில் நின்று, அந்தத் தொழிற்சாலைப் பெண்ணின் குரலை நினைவுபடுத்திக்கொண்டு, தமிழில் கேட்டார்.

“மாசா கடாசி. ஒன்னு.”

கவுண்டர் மூடப்படவில்லை. காய்ச்சல் விட்ட நாட்கள் எல்லாம் பெட்டியில் ஏறி கோலாலம்பூருக்குத் திரும்பிப் போயின. அடுத்த தீபாவளி முதல், தமிழில் எதை அச்சடிக்கும் முன்பும் மேடம் அதைப் படம் பிடித்து இவருக்கு அனுப்பிக் கேட்பார். இவர் திருத்துவார், திட்டிக்கொண்டே திருத்துவார்.

புத்தாண்டு வாக்கில் ஒரு சின்ன உறையும் வந்தது. மேடம் கையெழுத்தில் முகவரி. உள்ளே புதுப் பெயர் அட்டை, அவருடைய சொந்தப் பெயரில். நான், அய்னி, இமயம் மூவரும் சூழ்ந்துகொண்டோம். இத்தனை காலம் கழித்துத் தெரிந்துகொள்ளப்போகிறோம். அவர் அட்டையை மூக்கருகே வைத்துப் பார்த்தார், சிரித்தார், இழுப்பறையைத் திறந்து உள்ளே போட்டு மூடினார்.

“எழுத்துப் பிழை” என்றார்.

சுசானா சட்டையிலேயே இருந்தாள்.

பிறகு அந்தப் பேரங்காடியே ஒரு நாள் மூடிவிட்டது. ஆளுக்கொரு திசையில் போனோம். அவர் சிங்கப்பூரில் ஒரு பெரிய கடைக்குப் போனதாக அய்னி சொன்னாள். மூவாரில் மகளோடு இருப்பதாக வேறு யாரோ சொன்னார்கள். நான் புதிய பேரங்காடி ஒன்றில் மூக்குக்கண்ணாடிக் கடையில்தான் இருக்கிறேன்.

போன வாரம் என் உதட்டுச்சாயம் தீர்ந்துவிட்டது. பக்கத்து ஒப்பனைக் கடைக்குப் போனேன். அங்கே ஒரு தமிழ்ப் பெண், இருபது வயது இருக்கும். குப்பியைத் திருப்பிக் காட்டினேன். அடியில் ஒட்டியிருந்த பெயர் எப்போதோ தேய்ந்துபோயிருந்தது. என்ன ஷேட் ஆண்டி என்றாள். கொஞ்சம் கூச்சத்தோடு, எனக்குத் தெரிந்த ஒரே பெயரைச் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. “ஓ, மாமியாரா?” என்றாள். “அந்தக் கம்பெனி வர்றதில்ல இப்ப. இதுல இருக்கு பாருங்க, இது மாமியார், இது மாசக் கடைசி.”

“இந்தப் பேரெல்லாம் யாரு வெச்சாங்க?”

“தெரியல ஆண்டி. இங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. எங்க அம்மாகூட அப்படித்தான் கேப்பாங்க. ஏன், உங்களுக்குத் தெரியுமா யாருன்னு?”

“தெரியும்.”

“யாரு? பேரென்ன?”

வாயைத் திறந்தேன். என்னிடம் இருந்தது ஒன்றுதான்.

“சுசானா” என்றேன்.

“மலாய்க்காரங்களா?” அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. “மலாய்க்காரங்க எப்படி ஆண்டி தமிழ்ல பேர் வெப்பாங்க?”

“போர்டுல போட்டிருக்கிறத எல்லாம் நம்பிடுவியா நீ?” என்று சொல்லிவிட்டு, அவள் கொடுத்த சாயத்தை உதட்டில் தடவிக்கொண்டு, வெயில் தெரிகிற வாசலை நோக்கி நடந்தேன்.